வருமா வராதா: லிமிட் போக்கரில் ட்ரோக் கை பற்றி எங்கள் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரம் என்றால் கடதாசி விளையாட்டுத்தான். முதலில் 304. பிறகு ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையைப் பழக்கிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், விளையாட்டு போகவில்லை. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. காசு வைப்பதில்லை. சூதாட்டச் சட்டம் ஒரு பக்கம், உள்ளே இருக்கும் அம்மா மறுபக்கம். கடைசி இடத்துக்கு வருகிறவர் அடுத்த கிழமைக்கு ரோல்ஸ் வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வந்து குந்துகிற ஒவ்வொருவரும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அதுவும் கை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

ட்ரோ, ட்ரோ எண்டு சொல்றியளே, அது என்ன கை?

இப்போதைக்கு ஒன்றும் இல்லாத, ஆனால் ஒரு கடதாசி வந்து விழுந்தால் பெரிதாகிவிடும் கை. உங்களிடம் இரண்டு கடதாசி. நடுவில் முதலில் மூன்று திறக்கும், அது ஃபிளொப். பிறகு ஒன்று, அது டேர்ன். கடைசியில் ஒன்று, அது ரிவர். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

கையில் இரண்டு ஆட்டின் (சிவப்பு இதயம்), ஃபிளொப்பில் இரண்டு ஆட்டின் என்றால் இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து. அது ஃபிளஷ் ட்ரோ. கையிலும் நடுவிலுமாக 6, 7, 8, 9 இருந்தால் 5 அல்லது 10 வந்தால் ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து. இது இரண்டு பக்கமும் திறந்த ட்ரோ. 5, 6, 8, 9 இருந்தால் 7 மட்டும்தான் உதவும். இதற்கு எங்கள் மேசையில் 'பல்லு விழுந்த கை' என்று பெயர். சின்னமாமா வைத்த பெயர். அவருக்கு முன்பல் இல்லை.

லிமிட் எண்டா எவ்வளவுக்கு லிமிட்?

கட்டுகிற அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. எங்களிடம் ஃபிளொப்புக்கு முன்னும் ஃபிளொப்பிலும் ஒரு கட்டு 2 கொட்டை, டேர்னிலும் ரிவரிலும் 4 கொட்டை. கீழே இவற்றைச் சின்னக் கட்டு, பெரிய கட்டு என்று எழுதுகிறேன். ஒரு சுற்றில் ஒரு கட்டு, அதன்மேல் மூன்று ஏற்றம், அதோடு மூடி. கடதாசி போடுகிறவருக்கு இடப்பக்கத்தவர் 1, அவருக்கு அடுத்தவர் 2 என்று பார்க்காமலே வைப்பார்கள்.

இதில் ட்ரோக்காரருக்கு ஒரு நன்மையும் ஒரு நட்டமும் உண்டு. மொத்தத்தையும் தள்ளி உங்களைத் துரத்த ஒருவராலும் ஏலாது. அடுத்த கடதாசி பார்க்க என்ன விலை என்று பெரும்பாலும் முன்னமே தெரியும். ஆனால் நீங்கள் வென்ற பிறகும் மற்றவரிடம் கறக்கக்கூடியது ஒன்றிரண்டு கட்டுத்தான். ஆகவே வரப்போவதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, நடுவில் ஏற்கெனவே குவிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

ஜாக்கும் ஒன்பதும் கையில வந்தா எனக்கு எறிய மனசே வராது. பிழையோ?

304 விளையாடி வளர்ந்த எல்லோருக்கும் இருக்கிற வருத்தம் இது. அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு இனத்துக்கும் கூட்டினால் 304. ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் அங்கே கூரை பிய்த்துக்கொண்டு கொட்டுகிற மாதிரி.

போக்கரில் ஜாக் என்பது ராணிக்குக் கீழே இருக்கிற ஒரு ஆள்தான், ஒன்பது இன்னும் கீழே. இரண்டும் ஒரே இனமாக இருந்து, உங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் ஏற்றாமல் உள்ளே வந்திருந்தால் ஒரு கட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். வெவ்வேறு இனமாக இருந்து முன்னால் ஒருவர் ஏற்றியும் இருந்தால் எறியுங்கள். ஒரே இனம் என்பதாலேயே மயங்கவும் வேண்டாம். ஒரே இனத்தில் இரண்டு வைத்திருந்தால் ஃபிளொப்பிலேயே ஃபிளஷ் முழுதாக வருவது 100க்கு ஒன்றும் இல்லை, ஃபிளஷ் ட்ரோ வருவது 100க்கு ஏறக்குறைய 11 தடவை.

எனக்கு எத்தினை கடதாசி உதவும் எண்டு என்னண்டு எண்ணுறது?

உதவுகிற ஒவ்வொரு கடதாசியையும் அவுட் என்பார்கள். ஒரு இனத்தில் 13. நாலு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மீதி 9. ஆகவே ஃபிளஷ் ட்ரோவுக்கு 9 அவுட். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு நாலு 5, நாலு 10, மொத்தம் 8. பல்லு விழுந்த கைக்கு 4. ஃபிளொப்பில் இருப்பதெல்லாவற்றையும் விடப் பெரிய இரண்டு கடதாசி, உதாரணமாக 9, 6, 2 கிடக்கும்போது கையில் ஏஸும் ராணியும் இருந்தால், சோடி சேர 6. ஆனால் இந்த 6ஐ நான் 6 என்று நம்புவதில்லை. ஐந்து பேர் இருக்கிற மேசையில் ஒரு சோடி எவ்வளவு தூரம் போகும்? மூன்று, மிஞ்சினால் நாலு என்று வைத்துக்கொள்வேன்.

ஃபிளொப் முடிந்ததும் நீங்கள் பார்க்காத கடதாசி 47, டேர்ன் முடிந்ததும் 46. மற்றவர்கள் கையில் இருப்பதும் பார்க்காததுதான். "அவையிட கையிலயும் ஆட்டின் இருக்குமே" என்று கழிக்கத் தேவையில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு கடைசிக் கேள்வியில் வருகிறது.

எனக்குக் கணக்கு ஓடாது. சுருக்கமாச் சொல்லுங்கோ.

நாலு எண்ணைப் பாடமாக்கினால் போதும். அடுத்த ஒரு கடதாசியில் ஃபிளஷ் வர, வராமல் போவதற்கும் வருவதற்கும் உள்ள கணக்கு 4.2க்கு 1. திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 4.9க்கு 1. ஆறு அவுட்டுக்கு 6.8க்கு 1. பல்லு விழுந்த கைக்கு 10.75க்கு 1. டேர்னில் இருந்து ரிவருக்கு இவை ஒரு சொட்டுக் குறையும், ஃபிளஷுக்கு 4.1. அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

நீங்கள் போடவேண்டிய ஒரு கட்டுக்கு நடுவில் எத்தனை கட்டு கிடக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைவிடக் கூடுதலாகக் கிடந்தால் போடலாம். வீதமாகத் தெரியவேண்டும் என்றால் அவுட்டை இரண்டால் பெருக்குங்கள், ஒரு கடதாசிக்கு வருகிற வாய்ப்பு கிட்டத்தட்டக் கிடைக்கும். ஒன்பதை இரண்டால் பெருக்கினால் 18, உண்மையில் 19.

நடுவில கிடக்கிற கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தா ஏச மாட்டினமோ?

ஏசுவார்கள். அக்கா ஒருநாள் "எண்ணி முடிய விடிஞ்சிடும், நான் போய் இடியப்பம் அவிக்கிறன்" என்று எழும்பிப் போய்விட்டா. கொட்டையை எண்ணக் கூடாது, கட்டை எண்ணவேண்டும். ஒவ்வொருவரும் போடும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. ஃபிளொப்புக்கு முன் ஐந்து பேர் ஒரு கட்டுக்கு வந்தார்கள் என்றால் 5. ஃபிளொப்பில் ஒருவர் கட்டி, இரண்டு பேர் கோல் பண்ணி (அதே அளவைப் போட்டு), உங்களிடம் வந்தால் 8. நீங்கள் போடவேண்டியது 1. எட்டுக்கு ஒன்று, ஃபிளஷுக்குத் தேவை 4.2. யோசிக்க ஒன்றும் இல்லை.

டேர்ன் வந்ததும் இருக்கிற எண்ணை இரண்டால் பிரியுங்கள், ஏனென்றால் இனிமேல் பெரிய கட்டு. மேலே சொன்ன கையில் நீங்களும் போட்ட பிறகு 9, பிரித்தால் 4.5. டேர்னில் ஒருவர் கட்டி ஒருவர் கோல் பண்ணினால் 6.5க்கு 1. இதுவும் போதும். எங்கள் மேசையில் ஆள் கூட்டம் என்பதால் ஃபிளஷ் ட்ரோவை எறியவேண்டிய கட்டம் வருவதே அரிது. புதியவர்கள் பயந்து எறிகிற கையும் பெரும்பாலும் இதுதான். எறியவேண்டிய பல்லு விழுந்த கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ரெண்டே பேர் மிஞ்சினா?

அப்போது தராசு நடுவில் நிற்கும். இரண்டு பேர் ஒவ்வொரு கட்டு, விட்டுப்போனவரின் அரைக் கட்டு, மொத்தம் 2.5. எதிராளி ஃபிளொப்பில் கட்டினால் 3.5க்கு 1. ஃபிளஷுக்கே போதாது. ஆனால் டேர்னில் வந்துவிட்டால் அவரிடம் இன்னும் ஒரு பெரிய கட்டாவது வாங்கலாம், அது இரண்டு சின்னக் கட்டுக்குச் சமன். 5.5 ஆகிறது, ஆகவே கோல். டேர்னில் வராமல் அவர் திரும்பவும் கட்டினால் 3.25க்கு 1. ரிவரில் வந்தால் அவர் இன்னொரு கட்டுத் தருவார் என்று நிச்சயமாக நம்பினால் மட்டும் 4.25. நம்பிக்கை இல்லாவிட்டால் எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

ஒருக்கா 35 வீதம் எண்டிறியள், ஒருக்கா 19 எண்டிறியள். எது சரி?

இரண்டும் சரி. 19 என்பது அடுத்த ஒரு கடதாசியில் வர. 35 என்பது டேர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால் எங்காவது ஒன்றில் வர. ஃபிளொப்பில் "கோல் பண்ணலாமா" என்று கேட்கும்போது 19ஐ எடுங்கள், ஏனென்றால் நீங்கள் இப்போது வாங்குவது ஒரு கடதாசிதான். ரிவருக்குத் திரும்பவும் பெரிய கட்டுக் கட்டவேண்டி வரும். "ஏற்றலாமா" என்று கேட்கும்போது 35. ஏன் என்பது அடுத்ததில்.

இன்னும் ஒண்டுமே வரேல்ல, என்னத்துக்கு ஏத்துறியள்?

இதைக் கேட்காதவர் இல்லை. ஃபிளொப்பில் உங்களோடு நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரும் எறியமாட்டார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு கூடுதல் கட்டிலும் நீங்கள் போடுவது ஐந்தில் ஒன்று, அதாவது 20 வீதம். ஃபிளஷ் வருகிற வாய்ப்பு 35. போடுவதைவிட வரவு கூட. மற்றவர்கள் மூன்று பேர் என்றால் 25க்கு 35, அப்போதும் லாபம். இரண்டு பேர் என்றால் 33க்கு 35, சமமென்றே சொல்லலாம். ஒருவர் மட்டும் என்றால் இந்தக் காரணத்துக்காக ஏற்றக்கூடாது.

ஆனால் ஏற்றுவதால் ஆட்கள் ஓடிவிடக் கூடாது. கட்டியவர் உங்களுக்கு நேர் வலப்பக்கம் இருந்து, நீங்கள் ஏற்றினால், இடப்பக்கத்தில் இருக்கிறவர்கள் இரண்டு கட்டு ஒன்றாகப் போடவேண்டிவரும், எறிந்துவிடுவார்கள். அப்போது கோல் மட்டும் பண்ணுங்கள். எல்லோரும் போட்டு முடிந்து கடைசியாக உங்களிடம் வரும்போதுதான் ஏற்றத்துக்கு ருசி.

டேர்னில் இந்தக் கதை இல்லை. அங்கே 19 வீதம் சொச்சம்தான் மிச்சம், மேசையில் ஆறு பேர் நின்றால் ஒழிய ஏற்றி லாபமில்லை.

ஏத்தினா ரிவரைச் சும்மா பார்க்கலாம் எண்டு அத்தான் சொன்னாரே?

சொன்னார். கடைசி ஆளாக இருக்கும்போது ஃபிளொப்பில் ஏற்றினால், டேர்னில் எல்லோரும் பயந்து செக் பண்ணிவிட்டு, அதாவது ஒன்றும் கட்டாமல் விட்டுவிட்டு, உங்களைப் பார்ப்பார்கள். ஃபிளஷ் வந்திருந்தால் கட்டுங்கள். வராவிட்டால் நீங்களும் செக், ரிவர் இலவசம். கோல் பண்ணிக்கொண்டே போயிருந்தால் 2, பிறகு 4, மொத்தம் 6 கொட்டை. ஏற்றினால் 4 கொட்டையோடு முடிகிறது.

எதிராளி திருப்பி ஏற்றிவிட்டால் இந்தக் கெட்டித்தனம் கவிழும். ஃபிளொப்பில் 6, டேர்னிலும் அவரே கட்டுவார், இன்னொரு 4. சின்னமாமாவிடம் இதைச் செய்யவேண்டாம். அவர் திருப்பி ஏற்றாமல் சாப்பாடு செமிக்காத மனுசன்.

பல்லு விழுந்த கையை எப்பதான் பிடிக்கிறது?

ஃபிளொப்பில் 10.75 தேவை. மேலே சொன்ன எட்டுக்கு ஒன்று கையை எடுங்கள். 8 போதாது. ஆனால் வந்தால் உங்கள் ஸ்ட்ரெயிட்தான் மேசையில் பெரியது என்றும், வந்த பிறகு இரண்டு பெரிய கட்டாவது வாங்கலாம் என்றும் இருந்தால் 8உம் 4உம் 12. பிடிக்கலாம். பின்னால் ஏற்றுகிற ஆள் யாரும் இல்லை என்பதும் முக்கியம். டேர்னில் 10.5 பெரிய கட்டுத் தேவை, அது ஃபிளொப்புக்கு முன்பே ஏற்றி ஐந்து பேர் வந்த கைகளில்தான் கிடைக்கும். மற்றபடி எறியவேண்டியதுதான்.

கையிலும் ஃபிளொப்பிலுமாக மூன்று ஆட்டின் மட்டும் இருந்து டேர்ன், ரிவர் இரண்டும் ஆட்டினாக வரவேண்டும் என்று காத்திருப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். 24 தடவைக்கு ஒருமுறை நடக்கும். அதற்கென்று தனியாக ஒரு கொட்டை கூடப் போடவேண்டாம். வேறொரு ட்ரோவோடு கூடவே இருந்தால் ஓர் ஒன்றரை அவுட் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபிளஷ் வந்தும் தோத்தனான். அதெப்பிடி?

எண்ணின அவுட் எல்லாம் நல்ல அவுட் இல்லை. நீங்கள் ஸ்ட்ரெயிட்டுக்குக் காத்திருக்கிறீர்கள், ஃபிளொப்பில் இரண்டு ஸ்பேட் கிடக்கிறது. உங்கள் எட்டு அவுட்டில் இரண்டு ஸ்பேட். அவை வந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட், வேறு யாருக்கோ ஃபிளஷ். ஆகவே 6 என்று எண்ணுங்கள், தேவை 4.9 இல்லை, 6.8. கையில் 5, 6, நடுவில் 7, 8, ராசா என்றால் 9 வந்து நீங்கள் சிரிக்கும்போது 10, ஜாக் வைத்திருக்கிறவர் உங்களைவிடப் பெரிதாகச் சிரிப்பார். சின்ன ஆட்டின் இரண்டோடு ஃபிளஷுக்குப் போகிறவரும் இப்படித்தான். நாலாவது ஆட்டினும் நடுவில் விழுந்தால் ஏஸ் ஆட்டின் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவர் கொண்டுபோய்விடுவார்.

நடுவில் சோடி விழுந்தால் இன்னும் மோசம். கார்த்திகை மழை, கரண்ட் இல்லை, மேசையில் ஒரு லாம்பு. நான் கடைசி ஆள், கையில் 8, 7 ஆட்டின். ஐந்து பேர் ஒரு கட்டுக்கு வந்தோம், நடுவில் 10 கொட்டை. ஃபிளொப் ராசா ஆட்டின், 4 ஆட்டின், 9 கிளாவர். சின்னமாமா கட்டினார், தம்பி கோல், நான் ஏற்றினேன். ஒருவர் எறிய, மற்ற மூன்று பேரும் போட்டார்கள். நடுவில் 26. டேர்ன் 4 ஸ்பேட். எல்லோரும் செக், நானும் செக். இலவசமாகப் பார்க்கிறேன் என்ற பெருமை வேறு.

ரிவர் 2 ஆட்டின். சின்னமாமா கட்டினார். நான் ஏற்றினேன். அவர் லாம்புத் திரியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, நிதானமாக இன்னும் நாலு கொட்டையை என் ஏற்றத்தின்மேல் வைத்தார். அப்போதுதான் நடுவில் இரண்டு நாலு கிடப்பது கண்ணில் பட்டது. கோல் பண்ணினேன். ராசா கிளாவர், 4 கிளாவர். டேர்னிலேயே ஃபுல் ஹவுஸ், மூன்று நாலும் இரண்டு ராசாவும், ஃபிளஷைவிடப் பெரியது. நான் கட்டுவேன், திருப்பி ஏற்றலாம் என்று செக் பண்ணி இருந்திருக்கிறார். டேர்னில் நான் கட்டாததால் தப்பிய கொட்டையை ரிவரில் என் கையாலேயே கொடுத்தேன். நடுவில் சோடி கிடக்கும்போது ஃபிளஷ் வந்தால் கோல் பண்ணுங்கள், எறியவேண்டாம். கட்டினவர்மேல் ஏற்றுவதுதான் பிழை.

வராட்டி ரிவரில சும்மா கட்டிப் பயம் காட்ட ஏலாதோ?

நடுவில் பத்துக் கட்டுக் கிடக்கும்போது இன்னும் ஒன்றுக்குப் பயந்து யார் எறிவார்? சின்னதாக ஒரு சோடி இருந்தாலும் "என்னதான் வைச்சிருக்கிறாய் எண்டு பாப்பம்" என்று போடுவார்கள். எங்கள் மேசையில் பார்க்கிற ஆசைதான் வெல்லுகிற ஆசையைவிடப் பெரிது. வராத ட்ரோவை ரிவரில் எறிந்துவிட்டு எழும்புங்கள். இரண்டே பேர் மிஞ்சி, மற்றவரும் வராத ட்ரோவோடு நிற்கிறார் என்று உங்களுக்கு அடித்துச் சொல்ல முடிந்தால் ஒருமுறை கட்டிப் பார்க்கலாம்.

ஆர் ட்ரோவோட இருக்கினம் எண்டு முகத்தில தெரியுமோ?

முகத்தில் குறைவு, கையில் கூட. மூன்றாவது ஆட்டின் நடுவில் விழுந்ததும் ஒருவர் தன் கடதாசியைத் திரும்பத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அவரிடம் ஃபிளஷ் இல்லை. இரண்டும் சிவப்பு என்று ஞாபகம், எது ஆட்டின் எது டயமன் என்று ஞாபகமில்லை. இரண்டு ஆட்டின் வைத்துக் காத்திருந்தவருக்குப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

உங்கள் முறை வருமுன் இடப்பக்கத்தைப் பாருங்கள். எறியப்போகிறவர் கடதாசியை எறிகிற மாதிரியே பிடித்திருப்பார், ஏற்றப்போகிறவர் கொட்டையை அளைந்துகொண்டிருப்பார். அடுத்த கேள்விக்கு இது உதவும்.

நான் கோல் பண்ணினாப் பிறகு பின்னால ஒராள் ஏத்தினா கணக்கு மாறாதோ?

மாறும். ஒரு கட்டு என்று நினைத்துப் போட்டது இரண்டாகும், சிலவேளை மூன்றாகும். 4.2 தேவைப்படுகிற கையில் 8 கிடந்தால் பின்னால் ஏற்றினாலும் பயமில்லை, அவரோடு மற்றவர்களும் போடுவார்கள். ஆனால் பல்லு விழுந்த கைக்கு 12 என்று இழுத்துப் பிடித்துக் கணக்குப் பார்த்தோமே, அது ஒரே ஏற்றத்தில் உடைந்துவிடும். ஏற்றுகிற ஆள் உங்களுக்குப் பின்னால் இருந்தால் அந்தக் கையை முதலே எறியுங்கள்.

டேர்னில் ஒருவர் கட்டி அடுத்தவர் ஏற்றி உங்களிடம் வந்தால் போடவேண்டியது இரண்டு பெரிய கட்டு. முன்பு நடுவில் 6 இருந்தால் இப்போது 9, ஒன்பதுக்கு இரண்டு, அதாவது 4.5க்கு 1. ஃபிளஷுக்குச் சரியாக இருக்கிற மாதிரித் தெரியும். முதலாமவர் திரும்ப ஏற்றினால் விலை கூடும். நடுவிலும் சோடி கிடந்தால் நான் இதை எறிந்துவிடுவேன்.

ஃபிளஷும் ஸ்ட்ரெயிட்டும் ரெண்டும் வரலாம் எண்டா 17 அவுட்தானே?

15. கையில் 8, 7 ஆட்டின், நடுவில் 9 ஆட்டின், 6 ஆட்டின், 2 கிளாவர். ஆட்டின் 9, ஐந்தும் பத்தும் சேர்ந்து 8. ஆனால் 5 ஆட்டினும் 10 ஆட்டினும் இரண்டு கணக்கிலும் இருக்கின்றன, ஒருமுறைதான் எண்ணலாம். இரண்டு கடதாசியில் வருகிற வாய்ப்பு 54 வீதம். பெரிய சோடியோடு இருக்கிற ஒருவருக்கு எதிரே கூட நீங்கள்தான் ஒரு விரற்கடை முன்னால். மூடி போடும்வரை ஏற்றுங்கள்.

எட்டுத்தரம் தொடர்ந்து வரேல்ல. கடதாசியில ஏதோ கிடக்கு அண்ணா.

கடதாசியில் ரோல்ஸ் எண்ணெய் மட்டும்தான் கிடக்கிறது. ரிவர்வரை போன ஃபிளஷ் ட்ரோ 100க்கு 65 தடவை வராது. எட்டும் தொடர்ந்து வராமல் போவது ஏறக்குறைய 31க்கு ஒன்று. ஆறேழு பேர் வருடம் முழுக்க விளையாடுகிற மேசையில் அது யாராவது ஒருவருக்கு நடக்கத்தான் செய்யும். கையால் கலைத்துப் போட்டு விளையாடும்போது மணித்தியாலத்துக்கு முப்பது கை ஆடினாலே பெரிது, அதனால் அந்த எட்டும் இரண்டு மூன்று சனிக்கிழமைக்கு நீளும். அதுதான் சாபம் போலத் தெரிகிறது. பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஒன்பதாவதும் வராமல் போனவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார்.

கொழும்பு கசினோவில இந்தக் கணக்கு சரிவருமோ?

திருகோணமலையில் கசினோ இல்லை என்பதால் இரவு ரயில் ஏறுவது பற்றி யாராவது எப்போதும் கேட்கிறார்கள். கசினோக்களில் பெரும்பாலும் நடப்பது நோ லிமிட். நடுவில் கிடக்கிற அளவுக்கே ஒருவர் கட்டலாம், அப்போது உங்களுக்குக் கிடைப்பது இரண்டுக்கு ஒன்று மட்டும். பாதி கட்டினால் மூன்றுக்கு ஒன்று. ஃபிளஷுக்கு 4.2 தேவை என்பது அங்கேயும் மாறாது, ஆகவே இங்கே கண்ணை மூடிக்கொண்டு பண்ணுகிற கோல் அங்கே நட்டம். அத்தோடு மேசைக்காரன் ஒவ்வொரு கையிலும் நடுவில் குவிவதில் ஒரு பங்கு எடுப்பான். புளியங்கொட்டையில் பழகினதை வைத்துக் காசோடு போகவேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பக்கத்தில எறிஞ்சவற்ற கடதாசி தெரிஞ்சிட்டுது. இப்ப என்ன செய்யிறது?

முதலில் மேசைக்குச் சொல்லுங்கள். ஒருவர் கண்டதை எல்லோரும் காணவேண்டும், எங்கள் வழக்கம் அது. பிறகு கணக்கைத் திருத்தலாம். எறிந்த இரண்டும் ஆட்டின் என்றால் உங்கள் அவுட் 9 இல்லை, 7. பார்க்காத கடதாசி 47 இல்லை, 45. ஆகவே தேவை 5.4க்கு 1. இரண்டிலும் ஆட்டின் இல்லை என்றால் 45இல் 9, சரியாக நாலுக்கு 1, உங்களுக்கு நல்லது.

இந்தக் கேள்வி பிறந்ததே சின்னமாமாவின் மூக்குக்கண்ணாடியால். லாம்பு அவருக்கு முன்னால் இருந்தால், கடதாசியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது கண்ணாடியில் சிவப்பா கறுப்பா என்று முன்னால் இருக்கிறவருக்குத் தெரியும். இரண்டு மாதம் தம்பி ஏன் அந்தக் கதிரைக்குச் சண்டை பிடித்தான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இப்போது கரண்ட் போனால் லாம்பு சின்னமாமாவின் முதுகுக்குப் பின்னால், யன்னல் விளிம்பில். தம்பி அவருக்குப் பக்கத்தில்.